கூலி யார் பேரில் எழுதியிருக்கு? சேலம் கொலுசுப் பட்டறைப் பெண்களின் வாழ்நாள் வருமானக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சிவதாபுரம் வரை கொலுசு வேலை செய்யும் குடும்பங்களில் உள்ள பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சேமிப்புக் குழு என்னிடம் வந்தது. நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அறுபது வயசுல எங்க கையில என்ன சார் இருக்கும்?"

சும்மா கேட்கவில்லை, ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 2019-ல் வந்த பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் உறுப்பினர்களைச் சேர்த்துவிடலாமா என்று குழுவில் பேச்சு. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும், மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை நாம் கட்டினால் அதே அளவு மத்திய அரசும் போடும். 60-க்குப் பிறகு மாதம் 3000 ரூபாய். 29 வயதில் சேருபவருக்கு மாதம் 100 ரூபாய், 31 வருடம். அவர் கையிலிருந்து போவது மொத்தம் 37,200 ரூபாய். பத்து வருடத்துக்குள் விலகினால் கட்டிய பணம் சேமிப்புக் கணக்கு வட்டியோடு திரும்பும், அரசு போட்டது வராது.

நூறு ரூபாய் பெரிய தொகை இல்லை. அதை 372 மாதம் கட்ட ஒரு பெண்ணால் முடியுமா என்பதுதான் விஷயம். எந்த வருடங்களில் அவர் கையில் காசு இருக்கும், எந்த வருடங்களில் இருக்காது, அப்போது வீட்டில் வேறு யார் சம்பாதிப்பார்கள்? இவ்வளவும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதாவது முழு வாழ்க்கையும் தெரிய வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த கேள்வித்தாள். நூற்றுச் சொச்சம் வீடுகள், ஆளுக்கு ஒரு வரி: வயது, படிப்பு, வேலை, போன மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர்.

இப்படிக் கொஞ்சம் தகவலை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையைக் கட்டிப் பார்க்கும் வேலை புதிதல்ல. 1957-ல் கய் ஆர்கட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தொடங்கிவைத்தது. சராசரி மனிதனை வைத்துக் கணக்குப் போடாமல் ஆயிரக்கணக்கான தனித்தனி ஆட்களைக் கணக்கிலேயே உருவாக்கி, வருடா வருடம் ஒவ்வொருவருக்கும் கல்யாணம், பிள்ளை, வேலை, நோய், சாவு என்று நிகழ்தகவுப்படி நடத்திப் பார்ப்பது. மைக்ரோ சிமுலேஷன் என்று பெயர். ஓய்வூதியக் கணக்குக்குப் பல நாடுகள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையிடம் ஒவ்வொருவரின் சம்பாத்தியமும் 1951-லிருந்து ஆண்டுவாரியாகப் பதிவில் இருக்கிறது, அதை சர்வேயோடு இணைத்துக்கொள்வார்கள். நம் கொலுசுப் பட்டறையில் பதிவேடு என்றால் முதலாளியின் கூலி நோட்டு. போன வருட நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

சரி, முதல் முயற்சி. எல்லோரும் செய்வதையே செய்தேன். 25 வயதுப் பெண்களின் சராசரி, 30 வயதுப் பெண்களின் சராசரி என்று 60 வரை வரிசையாகக் கோர்த்து, இதுதான் ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று வைத்தேன். ஜேக்கப் மின்சர் 1974-ல் பிரபலமாக்கிய வருமானச் சமன்பாட்டையும் பொருத்தினேன்: படிப்பு கூடினால் வருமானம் கூடும், அனுபவம் கூடினால் கூடும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வளைந்து இறங்கும். கோடு அழகாக வளைந்தது. நாற்பது வயதில் மட்டும் ஒரு கொம்பு முளைத்திருந்தது. ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று அரை நாள் யோசித்தேன். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தால், வயது கேட்டபோது பாதிப் பேர் "நாப்பதுன்னு போட்டுக்குங்க" என்றிருக்கிறார்கள். ஆதார் அட்டையைப் பார்த்துத் திருத்தலாம் என்றால் அதில் பலருக்கும் பிறந்த நாள் ஜனவரி 1.

கொம்பை விடுங்கள். அந்தக் கோடே பொய் என்பதைக் காட்டியது குழுவில் இருந்த ஓர் இளம்பெண். படத்தின் வலது ஓரத்தில் இருந்த ஐம்பத்தெட்டு வயதுப் புள்ளியைக் காட்டி, "இது எங்க மாமியார் சார். நான் எப்படி இவங்களா ஆவேன்? நான் பன்னெண்டாவது படிச்சிருக்கேன்" என்றார்.

அவர் சொன்னதை மூன்று பக்கம் எழுதலாம். 2024-ல் 58 வயதானவர் 1966-ல் பிறந்தவர். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது அவர் பட்டறைக்குப் போக ஆரம்பித்திருப்பார். 28 வயதுப் பெண் 1996-ல் பிறந்தவர், சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர். அவருடைய தங்கைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இந்த மூன்று பேரையும் ஒரே நூலில் கோர்த்தால் வருவது மாலைதான். யாருடைய வாழ்க்கையும் அதில் இல்லை.

இதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. வயது என்பது நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். அதனால் ஐம்பது வயதில் கூலி குறைவது கண் மங்கியதாலா, அந்தத் தலைமுறை படிக்காததாலா, இந்த வருடம் வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்ததாலா என்று ஒரே நாள் எடுத்த சர்வேயிலிருந்து பிரிக்கவே முடியாது. வெளியிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நாங்கள் கொண்டுவந்தது கண். கண்ணி கோர்ப்பதும் பற்றவைப்பதும் கண்ணைக் கூர்ந்து வைத்துச் செய்யும் பொடி வேலை. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் "பதினைந்து வருஷம் முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி முடிப்பீங்க, இப்ப எத்தனை?" என்று கேட்டோம். ரூபாய் மறந்துபோகும், ஜோடி மறப்பதில்லை. இறக்கத்தில் ஒரு பகுதி நிஜமாகவே வயதால் வந்தது, மீதி தலைமுறையால் வந்தது என்று ஓரளவு பிரிந்தது.

அடுத்த இடத்தில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சர்வேக்களை வைத்து வாழ்நாள் கணக்குப் போடும் பலரும் சறுக்கும் இடம் இது. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, சர்வே முடிவுகள் அல்ல.

25-லிருந்து 60 வரை 35 வருடம். எந்த வருடத்தை எடுத்தாலும் நூற்றுக்கு 60 பெண்கள் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு பெண் எத்தனை வருடம் வேலை செய்வார்? 21. இதில் சண்டை இல்லை. ஆனால் இந்த 60 பேர் எப்போதும் அதே 60 பேரா, வருடா வருடம் மாறும் 60 பேரா? சர்வேக்கு அது தெரியாது.

முதல் வகை ஊர்: ஒவ்வொரு வருடமும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, போன வருடம் வேலையில் இருந்தாரா என்பதற்கும் இந்த வருடத்துக்கும் தொடர்பே இல்லை. இங்கே பெரும்பாலோர் 18-லிருந்து 24 வருடம் வேலை செய்திருப்பார்கள். திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதன் அளவு, சுமார் 2.9 வருடம். இரண்டாவது வகை ஊர்: வேலையில் இருப்பவரில் நூற்றுக்கு 4 பேர்தான் ஒரு வருடத்தில் விடுகிறார்கள், வேலையில் இல்லாதவரில் 6 பேர்தான் புதிதாகச் சேர்கிறார்கள். இங்கேயும் எந்த வருடம் எண்ணினாலும் 60 பேர் வேலையில், சராசரி அதே 21 வருடம். ஆனால் திட்ட விலக்கம் 10.8. நூறு பெண்களில் ஏறக்குறைய 15 பேர் ஒரு வருடம்கூட விடாமல் 35 வருடமும் வேலை செய்கிறார்கள். 5 பேர் ஒரு வருடம்கூட வேலைக்குப் போவதில்லை.

ஓய்வூதியத் திட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு ஊர். முதல் ஊரில் எல்லோருக்கும் அடிக்கடி ஒரு வருடம் இடறும், தவணை தவறும், கொஞ்சம் கைமாற்று கொடுத்தால் எல்லோரும் கரையேறிவிடுவார்கள். இரண்டாவது ஊரில் ஒரு கூட்டத்துக்கு எந்த உதவியும் வேண்டாம், இன்னொரு கூட்டத்துக்குக் கைமாற்று கொடுத்துப் பிரயோசனமில்லை. நான் முதலில் எழுதிய கணினி நிரல், நானே கவனிக்காமல், முதல் ஊரை உருவாக்கியிருந்தது. ஒவ்வொரு வருடத்துக்கும் புதிதாகப் பகடை உருட்டியிருந்தேன்.

சரிசெய்ய ஒரு கேள்வி போதும் என்று நினைத்தேன்: "போன வருஷம் இதே ஆடி மாசம் இந்த வேலைதான் பார்த்தீங்களா?" சேலத்தில் ஆடியைச் சொன்னால் கோட்டை மாரியம்மன் பண்டிகை ஞாபகம் வரும், தேதி தடுமாறாது. மத்திய அரசின் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பும் ஏறத்தாழ இதைத்தான் செய்தது. 2017-ல் தொடங்கியபோது நகரத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று மாத இடைவெளியில் நான்கு தடவை போனார்கள், கிராமத்தில் ஒரு தடவை மட்டும். 2025 ஜனவரியிலிருந்து இரண்டு இடத்திலும் தொடர்ந்து நான்கு மாதம் போகிறார்கள். மாதாமாதம் நிலவரம் தெரிய இது நல்லது. வாழ்நாள் கணக்குப் போடுபவனுக்குக் கொஞ்சம் வருத்தம், நகரத்தில் முதல் தடவைக்கும் கடைசித் தடவைக்கும் நடுவே இருந்த ஒன்பது மாத இடைவெளி போய்விட்டது.

ஒரு வருடக் கேள்வியும் போதவில்லை. நூறு பேர் வேலையில் இருக்கிறார்கள், ஒரு வருடத்தில் பத்துப் பேர் விடுகிறார்கள் என்று வையுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பத்து சதவீத வாய்ப்பு என்றால், பத்து வருடத்தில் தொடர்ந்து நிற்பவர்கள் 35 பேர். அதற்குப் பதில், 75 பேர் விடவே மாட்டார்கள், மீதி 25 பேருக்கு வருடம் 40 சதவீதம் என்றாலும் முதல் வருடம் அதே பத்துப் பேர்தான் விடுவார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து 75 பேர் நிற்பார்கள். ஒரு வருடத் தகவல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. புருஷன் இறந்து மூன்று பிள்ளைகளோடு நிற்பவளும், மகளுக்குச் சீர் சேர்க்க இரண்டு வருடம் மட்டும் பட்டறைக்கு வந்தவளும் சர்வேயில் ஒரே குறியீடு.

கடைசியில் வாழ்க்கை முழுவதையும் கேட்டுவிடுவது என்று இறங்கினோம். எல்லாரிடமும் இல்லை, நாற்பதைத் தாண்டிய கொஞ்சம் பேரிடம் மட்டும். ஒரு சார்ட் பேப்பரில் வருடங்களை நீட்டாகப் போட்டு, ஊருக்குத் தெரிந்த அடையாளங்களை முதலில் எழுதினோம்: எம்.ஜி.ஆர். இறந்தது 1987, சேலம் மாநகராட்சி ஆனது 1994, நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997, ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போனது 2016, கொரோனா 2020. அதன் கீழே கல்யாணம், ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த வருடம், வாடகை வீடு மாறியது, மாமியார் படுத்தது. வேலையைக் கடைசியில்தான் கேட்டோம். வேலையை முதலில் கேட்டால் "கல்யாணத்திலிருந்து வேலைதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பெரியவன் பிறந்த வருடத்தில் விரலை வைத்துக் கேட்டால், "அப்ப ரெண்டு வருஷம் பட்டறைக்குப் போகலை, வீட்டுலயே சலங்கை கோர்த்துக் குடுத்தேன்" என்று வரும்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் கோப்பு பாதி செல்லாமல் போனது. "வேலைக்குப் போகலை" என்றால் வாசலைத் தாண்டவில்லை என்று அர்த்தம். சம்பாதிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கேள்வித்தாளில் "இல்லத்தரசி, வருமானம் 0" என்று நான் எழுதிவைத்திருந்த பலர் கணவரின் கூலிக்குள் இருந்தார்கள்.

கொலுசுக் கூலி எடைக்கோ ஜோடிக்கோ வரும். வெள்ளியை எடுத்துவருவது ஆண், முடித்துக் கொடுப்பதும் ஆண், நோட்டில் பெயர் அவருடையது. நடுவில் நடக்கும் வேலையில் பாதி மனைவி கையில். அரசுக் கணக்கெடுப்பில் இப்படிப்பட்டவருக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன், குடும்பத் தொழிலில் உதவியாளர் என்று 21-ம் குறியீடு இருக்கிறது. ஆனால் உதவியாளருக்கு வருமானம் என்று எதுவும் எழுதப்படாது. மொத்தமும் தொழில் நடத்துபவரின் பெயரில் போகும். கேள்வி கேட்பவர் அவசரப்பட்டால் 21-கூட விழாது, வீட்டு வேலை என்று 92 விழும்.

குடும்பத்தின் மொத்த வருமானம் மட்டும் வேண்டுமானால் இதனால் நட்டம் இல்லை. வாழ்நாள் கணக்கில்தான் இது விஷம். என் நிரலில் ஐம்பது வயதில் ஒரு கணவர் இறக்கிறார். அடுத்த வருடம் அந்த வீட்டின் வருமானம் பூஜ்யம். நிஜத்தில் அந்த அம்மா அதே பலகையில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருப்பார். நிரல் உருவாக்கிய விதவைகள் எல்லாரும் பட்டினி கிடந்தார்கள்.

கூலியை எப்படிப் பிரிப்பது? "உங்க பங்கு எவ்வளவு?" என்று கேட்டால் சிரிப்பார்கள், "அதெல்லாம் ஒண்ணுதான் சார்." அதனால் கேள்வியை மாற்றினோம். "அவர் ரெண்டு நாள் ஊருக்குப் போனா, நீங்க மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி முடிப்பீங்க?" அப்புறம் கணவரைத் தனியாக நிறுத்தி, "இவங்க அம்மா வீட்டுக்குப் போனா நீங்க எத்தனை?" ஒரு வீட்டில் வந்த பதில்: சேர்ந்தால் பத்து, அவர் தனியாக ஐந்து, அந்த அம்மா தனியாக மூன்று. கூட்டினால் எட்டு. மீதி இரண்டு ஜோடி யாருடையது? ஒருவர் கோர்க்க இன்னொருவர் ஊதிப் பற்றவைத்தால் மட்டும் வருவது அது. அந்த இரண்டையும் யார் கணக்கிலும் எழுதாமல் தனி வரியாக வைத்தேன். இருவரும் இருக்கும்வரை வரும், ஒருவர் போனால் அதுவும் போய்விடும். பத்து ஜோடிக்குப் பதில் மூன்று ஜோடி, பூஜ்யம் இல்லை. விதவைகள் நிரலில் உயிர் பிழைத்தார்கள், ஏழைகளாக.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணவனும் மனைவியும் தனித்தனி வேலையில் இருந்து, ஒவ்வொருவருக்கும் வேலை இல்லாத மாதம் ஐந்தில் ஒன்று என்றால், இருவரும் சேர்ந்து சும்மா இருக்கும் மாதம் 25-ல் ஒன்றுதான். ஒரே பட்டறையை நம்பியிருந்தால் அது ஐந்தில் ஒன்றாகவே நிற்கும். வெள்ளி விலை துள்ளும்போது கடைக்காரர் ஆர்டரை நிறுத்துவார், வீட்டில் இரண்டு கூலியும் ஒரே நாளில் நிற்கும். நிரலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டினால் குடும்பம் என்பது காப்பீடு மாதிரி தெரியும். இங்கே அது அவ்வளவு காப்பதில்லை. மகன் சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டும் வீடுகள்தான் கொஞ்சம் தாங்கின.

நிரலுக்குள் கல்யாணம் செய்துவைப்பதும் ஒரு வேலை. வயது, படிப்பு பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். நூற்றுச் சொச்சம் வீட்டுக்குள்ளேயே பெண் தேடினால் பல ஆண்கள் நாற்பது வயதுவரை தனியாக நின்றார்கள். நிரல் பிழை என்று தேடினேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது என்று நினைவுக்கு வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். அந்த வருடங்களில் பிறந்திருக்க வேண்டிய பெண்கள் எண்ணிக்கையிலேயே குறைவு. இன்று பெண் வெளி மாவட்டத்திலிருந்து வருகிறது. நிரலின் கதவையும் திறந்துவிட்டேன்.

குழுவின் உறுப்பினர்களில் சிலர் ஏற்காடு பக்கத்திலிருந்து இறங்கிவந்த மலையாளிப் பழங்குடிப் பெண்கள். கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர். அவர்களின் உறவினர் வீடுகளிலும் கேள்வித்தாள் கொடுத்தோம், ஜனவரியில். காபிப் பழம் பறிக்கும் காலம். எல்லோருக்கும் வேலை, ஏழு நாளும் கூலி. அதை 52-ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதியது என்னுடைய மடத்தனம். பழம் முடிந்து மிளகும் முடிந்தால் எஸ்டேட்டில் அவ்வளவு ஆள் தேவையில்லை. ஆண்கள் குடகுக்கும் கேரளத்துக்கும் போய்விடுவார்கள். ஜூனில் போயிருந்தால் நேர் எதிரான தப்பைச் செய்திருப்பேன், வீட்டில் ஆண்களே இல்லை என்று எழுதியிருப்பேன். மலைக் கணக்கை இதில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்தேன்.

எல்லாத் திருத்தமும் முடிந்து நிரலை ஓட்டியபோது குழுவுக்குச் சொல்ல எனக்கு மூன்று விஷயம் கிடைத்தது. பெரும்பாலான பெண்களுக்குத் தவணை கட்ட முடியாத காலம் பிள்ளை பிறந்த உடனே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அந்த இடைவெளி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. உண்மையான பள்ளம் நாற்பத்தைந்துக்குப் பிறகு: கண் மங்குகிறது, மாமியாரையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, மகள் கல்யாணக் கடனும் அப்போதுதான் வருகிறது. இரண்டாவது, தவணை விடுவது தனித்தனியாக நடக்காது. ஆர்டர் நின்ற மாதத்தில் குழுவே மொத்தமாக விடும். திட்டத்தில் நிலுவையை அபராதத்தோடு கட்டிச் சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கைமாற்றுத் தர வேண்டிய குழுவின் நிதியும் அதே கொலுசுக் கூலியிலிருந்து வந்தது.

மூன்றாவதைச் சொல்லத் தயங்கினேன். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், இன்று 29 வயதானவருக்கு 60 வயதில் கிடைக்கும் 3000 ரூபாய் இன்றைய 660 ரூபாய்க்குச் சமம்.

கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தலைவி அக்கா கேட்டார், "அப்ப வேண்டாங்கறீங்களா?" வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா, அரசும் அதே பணம் போடுகிறது, ஆனால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்றேன். அவர்கள் வாதாடி எடுத்த முடிவு என் நிரலுக்குத் தோன்றாதது. சேர விரும்புபவர்கள் சேரட்டும். நாற்பத்தைந்து வயது வரைக்கும் குழு தனியாக மாதம் ஒரு தொகை பிடித்து, பள்ளம் வரும் வருடங்களில் தவணைக்கு அதிலிருந்தே கட்டும். அந்தப் பணத்தை வெள்ளியாக வாங்கி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விலை ஏறினால் கூலி குறையும், அப்போது வைத்திருக்கும் வெள்ளியின் மதிப்பு கூடும். நிதித் துறையில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "எங்க மாமியார் அப்படித்தான் வெச்சிருந்தாங்க" என்றார்.

கணக்கில் இன்னும் ஓட்டை இருக்கிறது. இறப்பு வாய்ப்புக்கு மாநில அளவு ஆயுள் அட்டவணையைத்தான் பயன்படுத்தினேன், பற்றவைக்கும் புகையில் முப்பது வருடம் உட்கார்ந்தவருக்கு அது பொருந்தாது. வாழ்க்கைக் கதை சொன்னவர்கள் உயிரோடு, இதே ஊரில் இருப்பவர்கள் மட்டும். வேலையை விட்டு ஊரை விட்டே போனவர்கள் சார்ட் பேப்பரில் இல்லை. அடுத்த ஆடியில் அதே வீடுகளுக்கு மறுபடி போகிறோம். கேள்வித்தாளில் "குடும்பத் தலைவர் வருமானம்" என்ற கட்டத்தை அடித்துவிட்டு இரண்டு கட்டம் போட்டிருக்கிறோம்: அவர் ஊருக்குப் போனால் எத்தனை ஜோடி, நீங்கள் ஊருக்குப் போனால் எத்தனை ஜோடி.